571 கிலோபைட்டில் நின்ற விளையாட்டு

விளையாடுவதற்குத் தொலைக்காட்சியோடு இணைக்கும் கன்சோல் நல்லதா, பி.சி. நல்லதா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் படத் தெளிவையும் வேகத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். இரண்டிலும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக விளையாடி வருகிற எனக்கு அந்த அளவுகோல் போதவில்லை. ஒரு விளையாட்டும் ஓர் இயந்திரமும் ஒத்துப்போக வேண்டுமானால் யாராவது ஒருவர் அதற்காக உழைத்தாக வேண்டும். கன்சோலில் அந்த உழைப்பை விளையாட்டை எழுதியவர்களே செய்து முடித்துவிடுகிறார்கள், பி.சி.யில் அதில் ஒரு பங்கு நம் தலையில் விழுகிறது. பழைய நாட்களில் அந்தப் பங்கு மிகப் பெரிது. அதைச் சுமந்தவர்களுக்குத்தான் பழைய வன்பொருள்மீது இன்னும் ஆசை விடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது அண்ணன் வாங்கிய 486 கணினி. இன்டெல் 1992இல் வெளியிட்ட 66 மெகாஹெர்ட்ஸ் டி.எக்ஸ்.2 பிராசசரும் 4 மெகாபைட் ராமும் அதில் இருந்தன. பெட்டியின் முகப்பில் டர்போ என்று ஒரு பொத்தான், அதற்கு மேலே பச்சை நிறத்தில் ஒளிரும் 66 என்ற எண். டர்போவை அழுத்தினால் இயல்பைவிட வேகம் கூடும் என்று நம்பாதவர் எங்கள் நண்பர்களில் ஒருவரும் இல்லை. உண்மையில் அந்தப் பொத்தான் இருந்ததே வேகத்தைக் குறைப்பதற்காகத்தான். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் 8088 பிராசசர் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றில் நேரத்தைத் தனியாகக் கணக்கிடும் வழக்கம் இல்லை. பிராசசர் ஒரு சுற்றை முடிக்க எவ்வளவு எடுக்கிறதோ அதுவே விளையாட்டின் நேரம். அவற்றை 486இல் ஓடவிட்டால், எதிரி திரையின் அந்தக் கோடியில் தோன்றுவதும் நாம் செத்து விழுவதும் ஒரே கணத்தில் நடந்துவிடும். அதனால் இயந்திரத்தை வேண்டுமென்றே மந்தமாக்க ஒரு பொத்தான் வைத்தார்கள். முகப்பில் ஒளிர்ந்த எண்ணும் எதையும் அளந்து காட்டவில்லை. அதன் பின்புறத்தில் ஜம்பர் என்ற சிறு இணைப்புத் துண்டுகளை எப்படிச் செருகுகிறோமோ அந்த எண் தெரியும், அவ்வளவுதான். அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை 99 ஆக மாற்றிவிட்டு, ஒரு வாரம் முழுவதும் நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டார்.

அதே காலத்தில் சித்தி வீட்டில் ஒரு நின்டெண்டோ கன்சோல் இருந்தது. ஜப்பானில் 1983இல் ஃபேமிகாம் என்ற பெயரில் வந்து, பிறகு என்.இ.எஸ். என்று உலகெங்கும் பரவிய அதே இயந்திரம். அதன் பிராசசரின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், வேலைக்கான நினைவகம் வெறும் 2 கிலோபைட். எங்கள் 486உடன் காகிதத்தில் ஒப்பிட்டால் அதைப் பொம்மை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜ் பெட்டியைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் மறுநொடி விளையாட்டு வந்துவிடும். திரையில் ஓடுபவனோடு சேர்ந்து மொத்தக் காட்சியும் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு நகரும். அந்த வழுக்கலை எங்கள் கணினியின் பழைய விளையாட்டுகளில் நான் பார்த்ததில்லை. தம்பி, அதாவது சித்தி மகன், இதைச் சொல்லி என்னைச் சீண்டாத விடுமுறையே கிடையாது.

அவன் சீண்டியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கன்சோலுக்குள் படம் வரைவதற்கென்றே தனி சிப் ஒன்று இருந்தது. காட்சியை இத்தனை புள்ளி நகர்த்து என்று பிராசசர் ஓர் எண்ணை எழுதினால் போதும், மீதியை அந்தச் சிப் பார்த்துக்கொள்ளும். ஓடும் உருவங்களையும் பின்னணியின்மேல் அதுவே ஒட்டிக் காட்டும். ஐ.பி.எம். வழிவந்த கணினிகளோ கடிதமும் கணக்கும் எழுதப் பிறந்தவை. அவற்றில் காட்சி ஓர் அடி நகர வேண்டுமென்றால் பெரும்பாலும் முழுத் திரையையும் பிராசசரே திரும்ப வரைய வேண்டியிருந்தது. இந்தத் தடையை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஜான் கார்மாக் என்ற நிரலாளர். திரையில் காண்பதைவிடச் சற்றுப் பெரிய படத்தை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, எந்த இடத்திலிருந்து காட்ட வேண்டும் என்பதை மட்டும் மாற்றி, உண்மையிலேயே மாறிய சதுரங்களை மாத்திரம் புதிதாக வரையும் உத்தியை அவர் 1990இல் கண்டுபிடித்தார். அதைக் காட்டுவதற்காக அவரும் அவருடன் வேலை செய்த டாம் ஹாலும் சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 3இன் முதல் கட்டத்தை ஒரே இரவில் கணினியில் உருவாக்கினார்கள். அதன் பிறகு நின்டெண்டோவிடமே ஒரு மாதிரியைக் கொண்டுபோனபோது, தங்கள் விளையாட்டு பி.சி.க்கு வர வேண்டியதில்லை என்று அந்நிறுவனம் மறுத்துவிட்டது. அதே உத்தி அந்த ஆண்டு டிசம்பரில் கமாண்டர் கீன் என்ற சொந்த விளையாட்டாக வெளிவந்தது. 2 கிலோபைட் இயந்திரம் பிறவியிலேயே செய்ததைப் பல மடங்கு பெரிய இயந்திரம் ஒரு மேதையின் தயவால் கற்றுக்கொண்டது என்பதைத் தம்பியிடம் நான் ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

கையில் பிடிக்கும் கருவியிலேயே இந்த இரு குணங்களும் தெரியும். என்.இ.எஸ். கன்ட்ரோலரில் எட்டுப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட். கன்சோல் கேட்கும்போது உள்ளிருக்கும் சிறு சிப் ஒன்று அந்த எட்டையும் வரிசையாக அனுப்பும். அழுத்தியிருக்கிறதா இல்லையா என்பதற்கு மேல் அதில் சந்தேகமே இல்லை. பி.சி. ஜாய்ஸ்டிக்கின் கதை வேறு. சவுண்ட் கார்டின் முதுகில் இருந்த பதினைந்து ஊசி இணைப்பில் அதைச் செருகுவோம். தண்டின் நிலையைக் கணினி நேராக அறியாது. ஒரு கெபாசிட்டரை நிரம்பவிட்டு, அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பிராசசர் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டே இருக்கும். தண்டை எந்தப் பக்கம் சாய்த்தோம் என்பதை அந்த எண்ணிக்கையிலிருந்து ஊகித்துக்கொள்ளும். ஆகையால் விளையாடும் முன் தண்டை இடது மேல் மூலைக்குத் தள்ளு, வலது கீழ் மூலைக்குத் தள்ளு, நடுவில் விடு என்ற சடங்கைச் செய்தாக வேண்டும். டர்போ பொத்தானை இடையில் தட்டிவிட்டால் சில விளையாட்டுகளில் விமானம் தானாக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகும்.

ஆனால் இவையெல்லாம் 640 கிலோபைட் சிக்கலுக்கு முன் ஒன்றுமே இல்லை.

8088 பிராசசருக்கு முகவரிக் கம்பிகள் இருபது. அதனால் அது எட்டக்கூடிய நினைவகம் 1 மெகாபைட், அதாவது 1024 கிலோபைட். அதில் மேல் 384 கிலோபைட்டைத் திரைக்கும் கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரலுக்கும் கூடுதல் கார்டுகளுக்கும் என்று ஐ.பி.எம். ஒதுக்கிவிட்டு, நிரல்களுக்கு 640ஐ விட்டது. பின்னால் வந்த பிராசசர்களால் பல மெகாபைட்டை எட்ட முடிந்தும், பழைய நிரல்கள் ஓட வேண்டும் என்பதற்காக அன்றைய இயங்குதளமான எம்.எஸ்.டாஸ் அந்த வேலிக்குள்ளேயே குடியிருந்தது. எங்கள் கணினியில் பிற்பாடு 8 மெகாபைட் ராம் ஆயிற்று, சி.டி. டிரைவும் வந்து சேர்ந்தது. அப்படியிருந்தும் ஒரு விண்வெளி விளையாட்டு 600 கிலோபைட் காலியாக வேண்டும் என்று கேட்டு, எங்களிடம் 571தான் இருக்கிறது என்று சொல்லி, கறுப்புத் திரையில் நின்றுவிட்டது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோபைட் பெட்டிக்குள் கிடக்க, 29 கிலோபைட்டுக்காக நாங்கள் திண்டாடினோம்.

மூன்று மாலைகள் அதில் போயின. கணினி தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற இரண்டு கோப்புகளைத் திறந்து வரி வரியாகப் பார்த்தோம். மேல் நினைவகத்தைத் திறந்துவிடும் ஹைமெம் வரியைப் போட்டு, டாஸின் பெரும்பகுதியை ஒரு மெகாபைட்டுக்கு மேலே உள்ள முதல் 64 கிலோபைட்டுக்கு அனுப்பினோம். பிறகு இ.எம்.எம்.386ஐ ஏற்றி, அந்த ஒதுக்கப்பட்ட 384க்குள் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பொந்துகளை நினைவகமாக மாற்றி, மவுஸையும் சி.டி.யையும் இயக்கும் சிறு நிரல்களான டிரைவர்களை அங்கே திணித்தோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணினியை அணைத்துப் போட்டு, மெம் என்று தட்டி, காலி இடத்தின் எண் எவ்வளவு என்று பார்ப்போம். 583. 590. ஒருமுறை 564க்கு இறங்கிவிட்டது. எதை எங்கே வைக்கிறோம் என்பதோடு எதை முன்னால் ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம் என்று கண்டுபிடித்தவர் அண்ணன்தான். ஒரு டிரைவர் ஏறும்போது கேட்கும் இடம், ஏறிய பிறகு பிடித்துக்கொள்ளும் இடத்தைவிடப் பெரியதாக இருக்கலாம். அதனால் பெருத்ததை முதலில் ஏற்ற வேண்டும். சி.டி. டிரைவரின் வரியை மவுஸ் வரிக்கு மேலே நகர்த்தியதும் 611 என்று வந்தது. அந்த இரவு விளையாட்டின் முதல் காட்சி திரையில் வந்தபோது நாங்கள் போட்ட கூச்சலுக்கு அம்மா எழுந்து வந்துவிட்டார். அந்த விளையாட்டில் மூன்றாவது கட்டத்தை நாங்கள் தாண்டவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சவுண்ட் கார்டுக்கும் இதேபோல் ஒரு மந்திரம் உண்டு: 220, 5, 1. சிங்கப்பூரில் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989 முதல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் வரிசையில் எங்களுடையது, கார்டு இருக்கும் முகவரி 220, பிராசசரைக் கூப்பிடும் குறுக்கீட்டுக் கம்பி 5, ஒலித்தரவு போகும் டி.எம்.ஏ. தடம் 1 என்று சொன்னால்தான் பேசும். விளையாட்டை நிறுவும்போது நாம்தான் இதைச் சொல்ல வேண்டும். கம்பியின் எண்ணைத் தவறாகச் சொன்னால் நடப்பது வேடிக்கை: இசை ஒழுங்காகக் கேட்கும், ஏனென்றால் யமஹாவின் எஃப்.எம். சிப்பிலிருந்து வரும் இசைக்கு அந்தக் கம்பி தேவையில்லை. துப்பாக்கிச் சத்தமோ முதல் துணுக்கோடு நின்றுவிடும், அல்லது கீறல் விழுந்த இசைத்தட்டுபோல் அந்தத் துணுக்கையே திரும்பத் திரும்பச் சொல்லும். காதால் கேட்டே எந்த எண் பிழை என்று சொல்லக்கூடிய ஒரு தலைமுறை இப்படித்தான் உருவாயிற்று.

1996இல் வந்த த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு இந்தக் காலத்தின் உச்சம் என்பேன். 4 மெகாபைட் நினைவகம் கொண்ட அது முப்பரிமாணப் படத்தை மட்டுமே வரையும். சாதாரணத் திரைக்குப் பழைய கார்டு தனியாக வேண்டும். பழைய கார்டிலிருந்து ஒரு சிறு கேபிள் வெளியே வந்து வூடூவுக்குள் நுழையும், அங்கிருந்து மானிட்டருக்கு இன்னொன்று போகும். விளையாட்டைத் தொடங்கியதும் பெட்டிக்குள் ரிலே என்ற மின்சுவிட்ச் ஒன்று க்ளிக் என்று சொடுக்கும். திரை ஒரு கணம் இருண்டு, மறுகணம் சதுரம் சதுரமாகத் தெரிந்த சுவர்கள் எல்லாம் மெழுகியதுபோல் வழவழப்பாகிவிடும். இன்றைய கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றும் அதைவிடப் பன்மடங்கு ஆற்றல் கொண்டது. ஆனால் எதுவும் அந்தக் க்ளிக்கைச் சொல்வதில்லை. அந்த நிறுவனத்தின் உடைமைகளை 2000இன் இறுதியில் என்விடியா வாங்கிக்கொண்டது.

கன்சோல் என்றால் தொல்லையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கார்ட்ரிட்ஜை வாயால் ஊதிச் செருகியவர்கள் எல்லாரும் ஊதியதால்தான் ஓடியது என்று நம்பினோம். உண்மையில் வெளியே எடுத்து மறுபடி செருகியதில் தொடுமுனைகள் சரியாகப் பதிந்ததுதான் காரணம், எச்சில் ஈரம் அந்த முனைகளை அரிக்கத்தான் செய்தது. 50 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சி உள்ள நாடுகளில் பல விளையாட்டுகள் 60 ஹெர்ட்ஸுக்கு எழுதப்பட்டபடியே, ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. அங்கே வளர்ந்தவர்கள் அதுதான் அந்த விளையாட்டின் நடை என்று எண்ணிக்கொண்டார்கள். 1994இல் பிளேஸ்டேஷன் வந்து சி.டி. யுகம் பிறந்ததும் காத்திருப்பும் கூடவே வந்தது. ஆனால் இந்தக் குறைகளில் எதையும் நாம் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. பொறுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வேறு விளையாட்டைப் போடலாம்.

இன்று இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டன. 2001இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் கன்சோலைத் திறந்து பார்த்தால் 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் பிராசசர், என்விடியா கிராபிக்ஸ், ஹார்ட் டிஸ்க் என்று ஒரு கணினியேதான் உட்கார்ந்திருந்தது. சோனி 2006இல் பிளேஸ்டேஷன் 3க்கு செல் என்ற விசித்திரமான பிராசசரைச் செய்து, அதற்கு எழுதுவதற்குள் நிரலாளர்கள் பட்ட பாட்டுக்குப் பின், 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4க்கு ஏ.எம்.டி.யின் எட்டு கோர் கொண்ட பி.சி. வகைப் பிராசசருக்கே வந்துவிட்டது. அதன் விலையாக, 3க்கு வாங்கிய வட்டுகள் 4இல் ஓடாமற் போயின. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டிலும் ஏ.எம்.டி.யின் ஒரே குடும்பத்துப் பிராசசர். ஒப்பனையைக் கழற்றினால் இவை அக்கா தங்கைகள். பொத்தானை அழுத்தியதும் விளையாட்டு என்ற பழைய வாக்குறுதியும் தேய்ந்துவிட்டது. வட்டைப் போட்ட பிறகும் பல கிகாபைட் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். தெளிவு வேண்டுமா, நொடிக்கு 60 படம் வேண்டுமா என்று இப்போது கன்சோலும் நம்மைக் கேட்கிறது.

இருந்தும் அந்தப் பழைய வேறுபாடு ஓரிடத்தில் அப்படியே நிற்கிறது. திரையின் ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் ஷேடர் என்ற சிறு நிரல்களைக் கிராபிக்ஸ் சிப்பின் சொந்த மொழிக்கு மாற்றித் தர வேண்டும். கன்சோலில் சிப் ஒன்றுதான் என்பதால் விளையாட்டை எழுதியவர்கள் அதை முன்பே மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். பி.சி.யில் எத்தனையோ கார்டுகள், எத்தனையோ டிரைவர்கள். ஆகவே நம் கணினியிலேயே அது நடக்க வேண்டும். சரியாகத் திட்டமிடாத விளையாட்டில் புதிய வெடிப்பு, புதிய கதவு என்று ஒவ்வொன்றும் முதன்முறை வரும்போது படம் ஒரு கணம் திக்கும். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கான நேரம் 16.7 மில்லிநொடிதான் என்பதால் சிறு தாமதமும் கண்ணில் குத்திவிடுகிறது. விலையுயர்ந்த கார்டு வைத்திருப்பவர் திக்கலில் உட்கார்ந்திருக்க, பல ஆண்டு பழைய கன்சோல்காரர் நிம்மதியாக ஓடிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி, பெயரளவில் பி.சி.யாக இருந்தும், எல்லாருடைய கையிலும் ஏறத்தாழ ஒரே சிப் என்பதால் அந்த ஷேடர்களை முன்பே மாற்றி இறக்கித் தந்துவிடுகிறது. 571க்கும் 600க்கும் நடுவே நாங்கள் தவித்த அதே இடைவெளிதான் இது. அதை நிரப்ப நமக்கு ஒரு கோப்பைத் திறந்து காட்டுவார்தான் இப்போது இல்லை.

எனக்கு எது வேண்டும் என்று கேட்டால், வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் விளையாடுவதற்குக் கன்சோல்தான். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஒரு விளையாட்டை நீண்ட காலம் வைத்துக்கொள்ள விரும்பினால் பி.சி.யை விட்டால் வேறு கதியில்லை. 1993 டிசம்பரில் வந்த டூம் என்ற சுடும் விளையாட்டின் மூல நிரலை 1997இல் வெளியிட்டார்கள். இன்றுவரை அது புதுப்புது கணினிகளில் ஓடுவதும் அதற்குப் புதிய கட்டங்களை ரசிகர்கள் செய்துகொண்டே இருப்பதும் அதனால்தான். ஹாஃப் லைஃப் என்ற விளையாட்டின்மேல் ரசிகர்கள் 1999இல் கட்டிய கவுண்டர் ஸ்ட்ரைக் தாய் விளையாட்டையே மிஞ்சிப் போயிற்று. மூடிய பெட்டிக்குள் இப்படி ஒன்று முளைப்பது கடினம்.

சென்ற மாதம் பரணிலிருந்து அந்த 486ஐ இறக்கினேன். ஃப்ளாப்பிகளை நான் தேடவில்லை. பன்னிரண்டில் பதினொன்றாவது வட்டு படிக்காமல் போகும் அந்த வேதனை என்னோடு ஒழியட்டும். பெட்டியைத் திறந்தவுடனே பார்த்தது மதர்போர்டின் மூலையில் நீல நிறப் பீப்பாய் வடிவில் இருக்கும் பேட்டரியை. கடிகாரத்தையும் அமைப்புகளையும் காப்பாற்ற வைத்த அந்த நிக்கல் காட்மியம் பேட்டரிகள் வயதானால் கசியும். கசிந்த காரம் தாமிரக் கோடுகளைத் தின்றுவிடும். எங்களுடையதும் கசிந்திருந்தது. கீபோர்டு செருகும் இடம்வரை பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. பேட்டரியை வெட்டி எடுத்து, பஞ்சுக் குச்சியில் வினிகரைத் தொட்டுத் தேய்த்தால் பச்சை நுரைத்துக் கரைந்தது. பிறகு ஆல்கஹாலால் துடைத்து ஒரு நாள் முழுக்க உலரவிட்டேன். அறுபட்ட இரண்டு கோடுகளை மெல்லிய கம்பியால் இணைத்துப் பற்றவைத்தேன். தம்பியின் கார்ட்ரிட்ஜ்களிலும் சேமிப்புக்கென்று பேட்டரி உண்டு. அவை சத்தமில்லாமல் தீர்ந்துபோய், சேமித்த ஆட்டத்தை மட்டும் கொண்டுபோய்விட்டன. கார்ட்ரிட்ஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதிலும் அவன் பக்கம்தான் வெற்றி.

ஹார்ட் டிஸ்க் உயிரோடு இல்லை. அதற்குப் பதில் ஒரு சிறு மெமரி கார்டைப் பொருத்தி, டாஸை ஏற்றி, அந்த இரண்டு கோப்புகளையும் நினைவிலிருந்தே தட்டினேன். பழைய மானிட்டரில் 320க்கு 200 புள்ளிப் படம் வந்து நின்றது. இன்றைய தட்டைத் திரைகளில் அந்தப் புள்ளிகளைச் சதுரமாகக் காட்டிவிடுவதால் முகங்கள் எல்லாம் நசுங்கித் தெரியும்; இங்கே அவை வரைந்தவர் நினைத்த உயரத்தில் இருந்தன. சவுண்ட் கார்டு எண்களை நிரல் கேட்டபோது 220, 5, 1 என்று விரல் தானாகவே போட்டது. இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வருகிறது. வலப்பக்கம் ஏன் ஊமையாக இருக்கிறது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மெம் என்று தட்டியதும் வந்த எண்ணைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். 609. ஐந்து நிமிடம் கழித்து அவரிடமிருந்து அழைப்பு வந்தது. நலம் விசாரிக்கவில்லை, கணினி எப்படி உயிர் பெற்றது என்று கேட்கவில்லை.

“சி.டி. டிரைவர மவுசுக்கு முன்னாடி ஏத்திப் பாத்தியாடா?”